பதினோரு மீட்டர் முடிச்சு

9 ஆகஸ்ட்

என் பாசத்துக்குரிய மருமகளுக்கு,

இங்கே அனைவரும் சுகம். அனைவரும் என்றால் நானும், மைதானத்திலுள்ள எழுபது லட்சம் புல்லும். ஒவ்வொரு புல்லையும் தனித்தனியாக விசாரித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தாமதத்துக்குக் காரணம் அதுதான். உனக்குக் கண் வலி தேவலையா? போனில் பேசலாமே என்று மறுபடி ஆரம்பிக்காதே. போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் உன் மாமனை மடக்க ஆள் பிறக்கவில்லை.

உலகத்துக்கு ஒரு செய்தி, முதலில் உனக்கு. இந்த வருஷம் கால்பந்து லீக் கோப்பை எங்கள் கிளப்புக்குத்தான். போன பருவம் முடிந்ததும் மைதானத்தை அடியோடு உழுது புதுப் புல் விதைத்தோம். இருபத்தேழு வருஷமாக மைதானக்காரனாக இருக்கிறேன், இப்படியொரு புல் வந்ததே இல்லை. நேற்று ஓர் எறும்பு வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். சாம்பியன் அணி முன்களத்தில் பிறக்காது, பின்களத்தில் பிறக்காது, புல்லில் பிறக்கும். உன் கம்பெனிக் கம்ப்யூட்டர்களிடம் இதைச் சொல்லிவிடு.

உழுததில் பழைய வெள்ளைக் கோடுகள் எல்லாம் போய்விட்டன. பெனால்டிப் பெட்டிகளின் மூலைகளில் மண்ணுக்குள் இரும்பு முளை அடித்திருக்கிறது, அதனால் கவலையில்லை. மற்றதையெல்லாம் தனி ஆளாக நானே போட்டு முடித்துவிட்டேன்.

நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவை.

இப்படிக்கு,
பசும்புல் பேரரசன், வெண்கோட்டு வேந்தன்,
உன் தாய்மாமன்


21 ஆகஸ்ட்

அன்புள்ள மாமாவுக்கு,

கண் வலி அப்படியேதான் இருக்கிறது. எட்டுப் பேர் ஓர் அறையில், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு கம்ப்யூட்டர் திரை. லீக்கின் ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்த்து ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு பொத்தான் அழுத்த வேண்டும். உங்கள் முழங்கால் எப்படி? அம்மா தினமும் கேட்கிறாள். அத்தை போய் மூன்று மாதமாகிறது. அந்த வீட்டில் ஒற்றை ஆளாக எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எறும்புக்கு நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள்.

சாம்பியன் ஆகும் தகுதிக்கு என் கணக்கு வேறு. கடந்த பன்னிரண்டு பருவங்களின் எண்களைப் பார்த்துவிட்டேன். முப்பது ஆட்டத்தில் இருபத்தைந்து கோலுக்கு மேல் வாங்கிய அணி கோப்பையைத் தொட்டதே இல்லை. உங்கள் அணி போன வருஷம் வாங்கியது நாற்பத்தொன்று. புல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் நாற்பத்தொன்று நாற்பத்தொன்றுதான்.

கோடு தனியாகப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கயிற்றின் மறுமுனையை யார் பிடித்தது? இத்தனை வருஷமும் அத்தைதானே வந்து பிடிப்பாள்?

மருந்தை விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


30 செப்டம்பர்

கணிதமேதை மருமகளுக்கு,

முழங்கால் பிரமாதம். நேற்று அதை வைத்து வானிலை சொன்னேன், பலித்தது. நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க என் புல்லின் ஆசிகள்.

ஐந்து ஆட்டம், நான்கு வெற்றி! உன் இருபத்தைந்து, நாற்பத்தொன்றையெல்லாம் வெளியே காயப்போடு. எங்கள் முன்கள வீரனை உனக்குத் தெரியும், நான் 'ஒட்டகம்' என்று பெயர் வைத்தேனே, அவன்தான். அவன் கழுத்து காலையில் மைதானத்துக்கு வரும், உடம்பு மதியம் வந்து சேரும். சொந்த மண்ணில் கிடைத்த மூன்று பெனால்டியிலும் கோல். மேல்கம்பத்துக்குக் கீழே ஒரு சாணில் பந்து நுழைகிறது. கோல்கீப்பர் குதித்து இறங்கும்போது ஒட்டகம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிடுகிறான்.

என் புதுச் சித்தாந்தத்தைக் கேள். சாம்பியன் அணியைக் கண்டுபிடிக்க ஆடுகிறவர்களைப் பார்க்கக் கூடாது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்க வேண்டும். கோல் விழும்போது மனசார எழுந்து நிற்கிறானா, சட்டை கசங்காமல் கை தட்டுகிறானா? எங்கள் பெஞ்சில் ஏழு பேரும் எழுகிற வேகத்தில் பெஞ்சே கூட எழுந்து நிற்கிறது. ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
பெஞ்சுக்கு ஆணியடித்த பெருவீரன்,
உன் மாமன்


18 அக்டோபர்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் கேட்டது இரண்டு. இரண்டுக்கும் பதில் இல்லை. போகட்டும், உடம்பைப் பார்த்துக்கொண்டால் சரி.

உங்கள் பெஞ்சை நானும் திரையில் பார்த்தேன், சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு கணக்குப் போட்டேன். பெனால்டி கோல்களை எடுத்துவிட்டுப் பட்டியலை மறுபடி அடுக்கினால் உங்கள் அணி ஐந்தாம் இடம். பெனால்டியில் வாழும் அணியைக் கோப்பைக்கான அணி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கம்ப்யூட்டர், மைதானத்தின் கோடுகளை வைத்துத்தான் தூரங்களை அளக்கிறது. உங்கள் மைதானத்தில் ஆட்டம் நடந்தால் மட்டும் என் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வருகிறது. கோல் கோட்டிலிருந்து பதினோரு மீட்டரில் இருக்க வேண்டிய பெனால்டிப் புள்ளி அங்கே இல்லை. இரண்டு பக்கமும் கோலுக்குக் கிட்டத்தட்ட நாற்பது சென்டிமீட்டர் நெருக்கமாக இருக்கிறது. 'சரி' என்று அழுத்தினால்தான் கட்டம் போகும். நான்கு ஆட்டத்துக்கும் அழுத்திவிட்டேன். ஒருவேளை கேமராவின் கோணமாக இருக்கலாம்.

கயிறு வைத்து அளந்தீர்கள்தானே?

அன்புடன்,
மருமகள்


2 டிசம்பர்

மருமகளுக்கு,

சளியும் காய்ச்சலும் வந்து போயின, கிருமிகள் என்னைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டன. நீ நலமாக இரு.

ஆறு வாரமாக உன் கடிதத்தை எரிப்பதா, சட்டம் போட்டு மாட்டுவதா என்று யோசித்தேன். இருபத்தேழு வருஷமாகக் கோடு போடுகிறவனிடம் கம்ப்யூட்டர் வாய் கொடுக்கிறது! என் காலே கயிறு, தெரியுமா? பதினாலு எட்டு வைத்தால் பதினோரு மீட்டர். இந்தக் காலை அளவுகோலாக வைத்துத்தான் பூமிக்கும் நிலவுக்கும் நடுவே உள்ள தூரத்தையே கணக்கிட்டார்கள். அப்படியே ஒரு விரல்கடை முன்னே பின்னே போனாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே? எதிரணியும் அங்கிருந்துதானே அடிக்கிறான்? அநியாயம் சமமாக இருந்தால் அதற்குப் பெயர் நியாயம்.

நாங்கள் பட்டியலில் முதலிடம். கேவலமாக ஆடியும் ஜெயிக்கிறவன்தான் சாம்பியன். அழகாக ஆடி ஜெயிக்க யாராலும் முடியும். போன வாரம் நாங்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மழை கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது, ஆனாலும் ஒன்றுக்கு பூஜ்யம்.

குளிரில் முழங்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

மாமன்


20 டிசம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். டாக்டரிடமும் ஒருமுறை காட்டுங்கள்.

பதினாலு எட்டு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆகவே அளக்கவில்லை. வலிக்கிற முழங்காலோடு வைக்கிற எட்டு, பழைய எட்டு இல்லை மாமா. நான் இதுவரை ஏழு தடவை 'சரி' அழுத்திவிட்டேன். ஏழு தடவையும் பொய். லீக்கில் தெரிந்தால் என் வேலை போகும், அது பரவாயில்லை. உங்கள் மைதானமும் போகும். அதைத் தவிர உங்களிடம் இப்போது வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தை சுற்றிவைத்த கயிறு மைதானக் கொட்டகையில்தானே இருக்கிறது? பதினோரு மீட்டரில் சிவப்புத் துணியால் முடிச்சுப் போட்டிருப்பாளே? மறுமுனைக்கு ஆள் இல்லாவிட்டால் ஓர் ஆணி போதும். அரை மணி நேர வேலை. ஏன் செய்ய மாட்டேன் என்கிறீர்கள்?

பதில் எழுதுங்கள்.

மருமகள்


24 மார்ச்

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? மூன்று மாதமாகப் பதில் இல்லை. நடுவில் நான் போட்ட இரண்டு கடிதமும் வந்ததா தெரியவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. உங்கள் கிளப் அலுவலகத்தில் கேட்டேன், "அவரு நல்லாத்தாம்மா இருக்காரு, புல்லுகூடப் பேசிக்கிட்டு" என்று சொன்னார்கள்.

இனிமேல் சுற்றி வளைக்க நேரமில்லை. எங்கள் மேற்பார்வையாளர் பழைய பதிவுகளைப் புரட்டும்போது சிவப்புக் கட்டத்தைப் பார்த்துவிட்டார். "இது யாரு இத்தனை தடவ ஓகே பண்ணது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். லீக்குக்குக் கடிதம் போய்விட்டது. ஏப்ரல் இருபத்தாறு, உங்கள் மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்தன்று காலையில் அளக்க ஆள் வருவார்கள். அதற்குள் புள்ளி சரியான இடத்தில் இருந்தால், பழையது கேமராவின் தவறு என்று விசாரணையை மூடிவிடுவார்கள்.

ஜெயித்தால் கோப்பை உங்களுக்கு, சமன் ஆனால் எதிரணிக்கு. தெரியும். சாம்பியன் யார் என்று இனி உங்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. அளந்துவிடுங்கள் மாமா.

உங்கள் மருமகள்


20 ஏப்ரல்

அன்பு மருமகளுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் கடிதங்கள் எல்லாம் வந்தன.

இன்று காலை அளந்தேன். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். உன் கம்ப்யூட்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிடு.

ஏன் அளக்க மாட்டேன் என்கிறேன் என்று கேட்டிருந்தாய். போன மே மாதம் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் உன் அத்தை வந்து கயிறு பிடித்தாள். வழக்கம்போல, "மெதுவா இழுங்க, நான் என்ன மாடா?" என்றாள். வேலை முடிந்ததும் கட்டையில் சுற்றி, நுனியை உள்ளே செருகி, கொட்டகை அலமாரியில் வைத்தாள். ஒன்பது நாள் கழித்து அவள் இல்லை. வீட்டில் அவள் மடித்துவைத்த துணியெல்லாம் கலைந்துவிட்டது. பாத்திரங்கள் இடம் மாறிவிட்டன. அந்தக் கட்டையில்தான் அவள் கை அப்படியே இருந்தது. சுற்று மேல் சுற்றாக, இடைவெளியே இல்லாமல். பிரித்தால் திரும்ப அப்படிச் சுற்ற எனக்கு வராது. எனக்கு எதுவுமே சுற்ற வராது, ரீல் தவிர.

இன்று பிரித்தேன். மறுமுனையை ஆணியில் கட்டினேன். ஆணி நல்ல மனுஷன், வாயே திறக்கவில்லை. பழைய புள்ளிகள் மேல் பச்சைச் சாயம் பூசிவிட்டுப் புதிதாக இரண்டு போட்டேன். கயிறு இப்போது கொட்டகைத் தரையில் குவியலாகக் கிடக்கிறது.

நீ நன்றாகத் தூங்கு. இனி 'சரி' என்று அழுத்த வேண்டாம்.

மாமன்


3 மே

மருமகளுக்கு,

நீ நலமா? இங்கே ஊரே நோயாளியாகக் கிடக்கிறது.

ஆட்டத்தைப் பார்த்திருப்பாய், பொத்தானும் அழுத்தியிருப்பாய். எண்பத்தெட்டாவது நிமிடம், பூஜ்யத்துக்கு பூஜ்யம், பெனால்டி. ஒட்டகம் எப்போதும்போல ஏழடி பின்னால் போனான். எப்போதும்போல வந்தான். எப்போதும்போல அடித்தான். பந்து மேல்கம்பத்தில் பட்டு எழுந்து வெளியே போனது, கோப்பையும் அதோடு போனது. அந்தச் சத்தம் இன்னும் அடங்கவில்லை. கொட்டகைத் தகரத்தில் கேட்கிறது, டீ கிளாஸில் கேட்கிறது.

காலையில் அளக்க வந்தவர்கள், "பக்காவா இருக்கு பெரியவரே" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

ஒட்டகத்தின் வீட்டுக் கதவில் சாணியடித்திருக்கிறார்கள். எவ்வளவு பணம் வாங்கினாய் என்று சுவரில் எழுதியிருக்கிறார்கள். அவன் பெண் பள்ளிக்கூடம் போவதில்லை. கிளப்பை விட்டே போகப்போகிறான் என்கிறார்கள்.

அவன் வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்தது என் புள்ளியில். அவன் காலுக்கு அந்தத் தூரம்தான் தெரியும். ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்னால் நான் அதை நகர்த்தினேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என் பிழை வெளியே வரும் என்று சொல்லவில்லை.

உன்னிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. கணக்குப் போட்டுச் சொல். அந்தப் பந்து பழைய புள்ளியிலிருந்து போயிருந்தால் உள்ளே போயிருக்குமா?

மாமன்


29 மே

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? ஒழுங்காகச் சாப்பிடுங்கள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. எனக்குப் புதுக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. அலுவலகத்தில் ஜன்னல் திரையைக் கொஞ்சம் தூக்கி வைக்க அனுமதித்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். காற்று இருந்தது, களைப்பு இருந்தது, கடைசி ஆட்டத்தின் பாரமும் இருந்தது. தோராயமாகத்தான் எதையும் சொல்ல முடியும். இதெல்லாம் கணக்கில் வராத விஷயம் மாமா. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விடுப்பு கிடைத்ததும் அங்கே வருகிறேன்.

அன்புடன்,
மருமகள்


14 ஜூன்

என் அன்பு மருமகளுக்கு,

இங்கே நான் சுகம். புல்லும் சுகம். அக்காவுக்கு இருமல் குறைந்ததில் சந்தோஷம்.

பிறந்ததிலிருந்து நீ 'தோராயமாக' என்று சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று வயதில் உனக்குக் கொடுத்த பிஸ்கட்டையே எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவாய். இருபத்தாறு நாள் கழித்து, ஓர் எண்கூட இல்லாமல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாய். புரிந்துகொண்டேன். நல்ல பிள்ளை நீ.

அதனால் ஒட்டகத்தின் வீட்டுக்குப் போனேன். கதவைக் கழுவியிருந்தார்கள், கறை போகவில்லை. உள்ளே அட்டைப்பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தான். உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

"தம்பி, நீ அடிச்சது தப்பில்ல. புள்ளிதான் மாறிப்போச்சு. மாத்துனது நான்."

முழுவதும் சொன்னேன், எட்டு, முழங்கால், கயிறு, பச்சைச் சாயம் எல்லாவற்றையும். கடைசிவரை கேட்டான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப வருஷம் பூரா இங்க நான் போட்ட ஒம்போது பெனால்டி, அதெல்லாம்?" என்றான்.

உலகப் பொய்யனுக்கு ஒரு பொய் கூட வரவில்லை.

"நல்லா இருக்குண்ணே. ஒம்போதையும் எடுத்துக்கிட்டு ஒண்ணக் குடுக்குறீங்க."

கதவைச் சாத்தவில்லை. நான் வெளியே வரும்வரை அப்படியே நின்றான்.

அங்கிருந்து நேராகக் கிளப் செயலாளரிடம் போனேன். ஒட்டகத்தின் மேல் பழி வேண்டாம், பத்திரிகைக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. வெளிய தெரிஞ்சா ஜெயிச்ச ஆட்டத்தையும் பிடுங்கிடுவாங்க." அடுத்த மாதத்திலிருந்து புல் வேலையை ஒரு கம்பெனி பார்க்குமாம். கோடு போட மெஷின் வருமாம். அதற்குக் கயிறு தேவையில்லை, மறுமுனையும் தேவையில்லை. ஆக, சாம்பியன் அணி புல்லில் பிறக்கிறது என்ற என் சித்தாந்தம் ஓய்வு பெறுகிறது. பெஞ்சைப் பற்றியும் நான் சொன்னதை நம்பாதே. ஒட்டகத்தின் வீட்டுப் பக்கம் அந்த ஏழு பேரில் ஒருவன்கூடப் போகவில்லை.

நேற்றுக் காலை கடைசியாக ஒரு தடவை கோடு போடலாம் என்று மைதானத்துக்குப் போனேன். ஆட்டம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். குவியலாகக் கிடந்த கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். கொட்டகை வாசலில் முதலில் கழுத்து வந்தது. லாரி மதியம் வருமாம், அதற்குள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றான்.

"அந்தக் கயிறு இதுதானா?"

"இதுதான்."

முனையை வாங்கிக்கொண்டு போய்க் கோல் கோட்டின் நடுவில் குந்தினான். நான் சிவப்பு முடிச்சைப் பிடித்தபடி பின்னால் நடந்தேன். கயிறு விறைத்தது. முடிச்சு வந்து நின்ற இடத்தில் குனிந்து வெள்ளை வைத்தேன். அவன் எழுந்து வந்தான், புள்ளி மேல் நின்றான், கோலைப் பார்த்தான். பிறகு ஒரு குழந்தை வைக்கிற மாதிரி குட்டி எட்டு ஒன்று முன்னால் வைத்து, முன்பு இருந்த இடம் எது என்று காலால் தேடினான். பச்சைக்குள் பச்சை, தெரியவில்லை.

"இவ்ளோதானாண்ணே?"

"இவ்ளோதான்."

பந்து எதுவும் இல்லை. அடிக்கவும் கேட்கவில்லை.

போகும்போது அவனே கயிற்றைக் கட்டையில் சுற்றினான். உன் அத்தை வலப்பக்கமாகச் சுற்றுவாள். அவன் இடப்பக்கமாகச் சுற்றினான். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நடுவில் புடைத்து, முடிச்சு எங்கேயோ உள்ளே போய்விட்டது. நுனியைச் செருகத் தெரியாமல் சும்மா விட்டுவிட்டான்.

பிரித்துச் சரியாகச் சுற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். நீ வரும்போது பார். தொடாதே.

மாமா